தார் பாலை: தரிசு என்று யார் சொன்னது?

ஜோத்பூரிலிருந்து மோகன்கட் வரை கோடையில் ஒரு சாலைப் பயணம். எரிமலைப் பாறை, கல்லாகிப்போன மரங்கள், வெயிலில் பழுக்கும் கனிகள், அருகிவரும் கானமயில் என்று வழியெங்கும் பார்க்க நிறைய இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் இதில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் தரிசு.

மே மாதத்தில் ஜோத்பூரிலிருந்து மேற்கே போகும் வண்டிகள் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. பால் வண்டிகள், காய்கறி லாரிகள், எல்லைக்குப் போகும் ராணுவ வாகனங்கள், வாடகை ஜீப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே அவசரம்தான். பத்து மணிக்குள் போய்ச் சேராதவர்கள் மாலை ஐந்து மணிவரை ஏதாவது ஒரு தாபாவின் கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். இடைப்பட்ட நேரம் 'லூ' என்ற அனல்காற்றுக்குச் சொந்தம். பழைய பழக்கத்தை விடாத ஓட்டுநர்கள் வண்டியின் முன்புறம் கித்தான் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். பையின் மேல் கசியும் ஈரம் காற்றில் காயக் காய உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஐஸ் பெட்டியின் வேலையை அனல்காற்றே செய்து கொடுத்துவிடுகிறது.

சுற்றுலா விளம்பரங்களில் தார் பாலை குளிர்காலச் சரக்கு. ஒட்டகச் சவாரி, கூடாரம், இரவில் நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு முடிந்துவிடும். ஆனால் பாலையை அதன் சொந்த முகத்தோடு பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோடைதான் காலம். பாலைத் திணைக்குப் பொழுது வகுத்த தொல்காப்பியமும் வேனிலையும் நண்பகலையும்தான் சொல்கிறது.

ஆனால் தமிழ் மரபு சொல்லும் பாலை வேறு, தார் வேறு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து வளம் கெடும்போது பாலையின் தோற்றம் வரும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது வேறொரு நிலத்துக்கு வந்த கெட்ட காலம். தார் அப்படிக் கெட்டுப்போன நிலம் அல்ல. தனக்கென்று மரம், புல், பறவை, விவசாயம், தெய்வம் எல்லாம் கொண்ட நிலம். உலகின் பாலைகளில் மக்கள் நெருக்கம் மிகுந்தது இதுதான். இருந்தும் மத்திய அரசு அவ்வப்போது வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. ஏறத்தாழ கேரளம் அளவுக்கு விரிந்த, 38,401 சதுர கி.மீ. பரப்புள்ள அந்த மாவட்டத்தின் கணிசமான பகுதி பதிவேட்டில் உதவாத நிலம். உதவாத நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய சிக்கல்.

பாறையைத் தட்டிக் கேட்டவர்கள்

பயணம் தொடங்கும் இடத்திலேயே முதல் இயற்கைச் சின்னம் நிற்கிறது. மேஹ்ரான்கட் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மேலே பீரங்கிகளையும் பல்லக்குகளையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கோட்டையைத் தாங்கும் பாறையைப் பார்ப்பவர்கள் குறைவு. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகி உண்டான பாறை அது. மலானி எரிமலைத் தொகுதி என்று நிலவியலாளர்கள் அழைக்கும் இந்தப் பாறைப் பரப்பு மேற்கு ராஜஸ்தானில் பல ஆயிரம் சதுர கி.மீ.க்குப் பரவிக் கிடக்கிறது. ராவ் ஜோதா 1459-ல் கோட்டைக்கு அடிக்கல் நாட்டியபோது அந்தப் பாறைக்கு வயது ஏற்கெனவே எண்ணிக்கையைக் கடந்திருந்தது.

கோட்டையின் காலடியில் 2006-ல் ஒரு விநோதமான வேலை ஆரம்பமானது. பாறைச் சரிவு முழுவதையும் மூடியிருந்தது தமிழகத்துக்கு நன்கு பழக்கமான ஒரு எதிரி: சீமைக் கருவேலம். இங்கே அதற்குப் பெயர் பாவ்லியா. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம், பாறை இடுக்குகளில் வேர்விட்டு உள்ளூர்ச் செடிகளை விரட்டியிருந்தது. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வெடி வைத்தால் கோட்டைக்கு ஆபத்து. மரங்களைப் பற்றி எழுதிவரும் பிரதீப் கிருஷன் தலைமையிலான குழு கடைசியில் உதவிக்கு அழைத்தது கண்ட்வாலியாக்கள் என்ற கல்லுடைக்கும் சமூகத்தாரை. சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே இளகலாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கைகள் அவர்களுடையவை. ஒவ்வொரு மரமாக வேரோடு பெயர்த்து, அந்தக் குழிகளிலேயே பாலைக்குரிய செடிகளை நட்டார்கள். இன்று அது ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா. கோடையில் இலையில்லாமல் குச்சியாக நிற்கும் செடிகளைப் பார்த்து 'எல்லாம் செத்துவிட்டன' என்று நினைப்பவர்கள் ஜூலையில் மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

வன்னிக்காக விழுந்த தலைகள்

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் கேஜர்லி கிராமம். மேற்கே போகிறவர்களுக்கு இது சுற்றுவழி. ஆனாலும் இதைப் பார்க்காமல் போனால் மற்றதெல்லாம் புரியாது. கிராமத்துக்குப் பெயர் கொடுத்த கேஜ்ரி மரம்தான் தமிழில் வன்னி. விஜயதசமியன்று கோயில்களில் அம்பு போடும் நிகழ்ச்சியாலும் சில தலங்களின் விருட்சமாகவும் மட்டுமே தமிழர்களுக்கு நினைவுக்கு வரும் மரம். இங்கே அது சோறு. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். இளங்காய் 'சாங்ரி' என்ற பெயரில் கறியாகிறது. மரத்தடியிலேயே கம்பு விளைகிறது. நிழலால் பயிர் கெடாது என்பதோடு மண்ணும் வளமாகிறது. அதனால்தான் வயலின் நடுவே நிற்கும் கேஜ்ரியை எந்த விவசாயியும் இடைஞ்சலாக நினைப்பதில்லை. 1983-ல் ராஜஸ்தான் அரசு இதை மாநில மரமாக அறிவித்தது.

அதற்கு 253 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் தன் அறிவிப்பைச் செய்திருந்தது. 1730-ல் மார்வார் மன்னர் அபய் சிங்கின் ஆட்கள் அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புச் சூளை எரிக்க விறகு தேடி வந்தார்கள். ஊர் பிஷ்ணோய்களுடையது. ஜாம்போஜி என்ற ஜாம்பேஷ்வர் 1485-ல் வகுத்த 29 நெறிகளின்படி வாழும் சமூகம் அது. பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அந்நெறிகளில் ஒன்று. அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோடரி அவர் மேல் விழுந்தது. அவர் மகள்கள் மூவரும், பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சுற்று வட்டாரத்து மக்களும் மரங்களைக் கட்டிக்கொள்ள, மொத்தம் 363 பேர் உயிர் விட்டார்கள். மன்னர் வெட்டுவதை நிறுத்தித் தடை ஆணை பிறப்பித்தார். 1970-களில் இமயமலையில் பிறந்த சிப்கோ இயக்கத்துக்கு முன்னோடியாக இந்தச் சம்பவத்தைச் சொல்வது வழக்கம். இன்று அங்கே தோப்பு நடுவே ஒரு நினைவுச் சின்னமும் கோயிலும் இருக்கின்றன. மான்கள் மனிதர்களைக் கண்டு மிரளுவதில்லை.

கதை பழையதாகிவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் பிகானேர் பக்கத்தில் பிஷ்ணோய்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை மரம் விழுவது சுண்ணாம்புச் சூளைக்காக அல்ல, சூரிய மின் நிலையங்களுக்காக.

51 டிகிரி

ஜோத்பூரிலிருந்து வடமேற்கே சுமார் 140 கி.மீ. போனால் பலோதி. 2016 மே 19 அன்று இந்த ஊரில் வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்தியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அது. பகல் பதினொரு மணிக்குத் தார்ச்சாலை நெளிகிறது. தூரத்தில் ஏரி தெரிகிறது, நெருங்கினால் விலகிப்போகிறது. சங்கப் புலவர்கள் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர் வைத்தார்கள். மே மாதத்தில் இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். ஆளில்லாமல் ஓடும் ஏதோ ஒன்று வண்டிக்கு முன்னால் எப்போதும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வெப்பம் வீணாகவும் போவதில்லை. கோடையில் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் கொதிக்கும்போது அங்கே உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு, கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் சக்திகளில் ஒன்று. கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஜூனில் மழை கொட்டுவதில் பலோதியின் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு.

பலோதியை ஒட்டிய கீச்சன் கிராமம் கோடையில் வெறிச்சோடிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து 'குர்ஜான்' என்று உள்ளூரில் அழைக்கப்படும் சாம்பல் நிறக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கும். கிராமத்தார் தானியம் சேர்த்து, வேலி போட்ட திடலில் தினமும் இறைப்பார்கள். அரசு திட்டம் எதுவும் இல்லாமல் ஊர்க்காரர்கள் தலைமுறைக் கணக்கில் செய்துவரும் விருந்து இது. 2025 ஜூனில் கீச்சன், ராம்சார் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. மே மாதத்தில் போகிறவர்களுக்குக் காலித் திடலும் வற்றிய குளமும்தான் மிஞ்சும். ஆனால் அந்தக் குளத்தின் கரையை மழைக்கு முன் சீர்செய்யும் வேலையும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது.

பலோதிக்கு வடமேற்கே பத்லாவில் வேறு வகைக் குளம் ஒன்று மின்னுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் நீலத் தண்ணீர். பக்கத்தில் போனால் கண்ணாடித் தகடுகள். சுமார் 5,700 ஹெக்டேரில், 2,245 மெகாவாட் திறனுடன் எழுந்த பத்லா, உலகின் மிகப் பெரிய சூரியசக்திப் பூங்காக்களில் ஒன்று. நிலக்கரிப் புகையைக் குறைக்க நாட்டுக்கு இது தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தகடுகளை எங்கே வைப்பது, கம்பிகளை எந்த வழியாக இழுப்பது என்பதில்தான் சச்சரவு.

பீரும் அணுகுண்டும்

பலோதியிலிருந்து பொக்ரான் போகும் வழியில் ராம்தேவ்ரா. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ராம்தேவ்ஜியின் சமாதி இங்கே இருக்கிறது. இந்துக்களுக்கு அவர் ராம்தேவ் பாபா, முஸ்லிம்களுக்கு ராம்சா பீர். வெயில் காலத்தில் வழியெல்லாம் 'ப்யாவ்' எனப்படும் தண்ணீர்ப் பந்தல்கள். மண்பானை, நீளமான பிடி வைத்த அகப்பை, ஊற்றிக் கொடுக்க ஒரு முதியவர். ஊர், சாதி, பணம் எதையும் விசாரிக்காமல் தண்ணீர் கிடைக்கிறது. பாலையில் தண்ணீருக்கு விலை அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் போகிறார்கள்.

அங்கிருந்து 12 கி.மீ. தொலைவில் பொக்ரான். 1974 மே 18 அன்றும், 1998 மே 11, 13 தேதிகளிலும் இதன் அருகேதான் இந்தியா அணுகுண்டு சோதனைகளை நடத்தியது. சோதனைத் தளத்துக்கு அருகிலுள்ள கேதோலாய் கிராமத்தின் பெயர் அன்று நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. காலியிடம் என்று வரைபடத்தில் தெரிந்த இடத்தில் வீடுகளும் மாடுகளும் கிணறுகளும் இருந்தன என்பது வெளியே தெரிந்ததும் அப்போதுதான்.

கடலடியில் கட்டிய கோட்டை

பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேருக்குச் சுமார் 110 கி.மீ. சாலை ஏறத்தாழ நேர்க்கோடு. மணற்குன்றுகளை எதிர்பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. வழியெல்லாம் சரளைக்கல், புதர், கட்டாந்தரை, செவண் என்ற புல்லின் காய்ந்த குத்துகள். தாரில் மணற்கடல் ஒரு பகுதிதான். அந்தச் செவண் புல்லை நம்பித்தான் இந்த மாவட்டத்தின் ஆடும் மாடும் பிழைக்கின்றன. மழை பெய்த சில நாட்களில் அது பச்சையாகிவிடும்.

1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய ஜெய்சல்மேர் கோட்டை அந்தி வெயிலில் பொன்னாக மின்னுவதை எல்லாப் படங்களிலும் பார்க்கலாம். அந்த மஞ்சள் கல் ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்தது. இன்று 200 மி.மீ. மழைக்கே தவிக்கும் இடம் ஒரு காலத்தில் கடற்கரை. 2023-ல் விஞ்ஞானிகள் 'தாரோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டிய, 16.7 கோடி ஆண்டு பழமையான டைனோசரின் எலும்புகளும் ஜெய்சல்மேர் பகுதியில் கிடைத்தவைதான். 2013-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டைக்கு எதிரி வெளியிலிருந்து வரவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறிய காலத்துக்காகக் கட்டப்பட்ட கோட்டைக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது, விடுதிகள் பெருகின, கசிவு அடிமண்ணை இளக்கியது. பாலையில் தண்ணீர் இல்லாமல் அழிந்த கட்டடங்கள் உண்டு. தண்ணீர் அதிகமாகி ஆட்டம் காணும் கோட்டை இது.

கோட்டைக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் காலி செய்துவிட்டுப் போன 84 கிராமங்களில் ஒன்று என்று வழிகாட்டிகள் பேய்க்கதை சொல்கிறார்கள். திவானின் கொடுமை, வரிச்சுமை, தண்ணீர்ப் பஞ்சம், நிலநடுக்கம் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பேய்களைத் தேடுகிறவர்கள் பாலிவால்கள் விட்டுப்போன உண்மையான அதிசயத்தைக் கவனிப்பதில்லை. அது 'கடீன்'. பாறைச் சரிவில் விழும் மழை வழிந்து சேரும் பள்ளத்தின் குறுக்கே ஒரு மண்கரை. அவ்வளவுதான். மழைக்காலத்தில் அது குளம். தண்ணீர் வடிந்து மண்ணில் இறங்கியபின் குளிர்காலத்தில் அதே இடத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். மேலே ஒரு சொட்டுக்கூட விடாமல் மண்ணின் ஈரத்திலேயே பயிர் விளைந்துவிடும். அந்தக் கடீன்களில் பல இன்றும் அறுவடையாகின்றன. ஊர் பாழடைந்தாலும் கரை பாழடையவில்லை.

கம்பியில் மோதும் பறவை

ஜெய்சல்மேரிலிருந்து 40 கி.மீ. மேற்கே சாம். குளிர்காலத்தில் ஒட்டகங்களும் பாட்டும் நிறைந்த இடத்தில் மே மாதத்தில் காற்று மட்டும்தான். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மணற்குன்றின் முதுகை வருடி, உச்சியில் புகைபோல மணலைத் தூக்கி, மறுபக்கம் கொட்டுகிறது. மாலையில் அடிவானம் பழுப்பாகிப் புழுதிப்புயல் எழும்பினால் ஓட்டுநர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு சாலையோரம் நிறுத்திவிடுகிறார்கள். காலையில் சாலையின் மேல் மணல் குவிந்திருக்கும். டிராக்டர் வந்து தள்ளும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சாமைச் சுற்றிலும் 3,162 சதுர கி.மீ. பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா. 'கோடாவண்' என்ற பறவை உயிரோடு மிஞ்சியிருப்பதற்கு முக்கியமான இடம் இதுதான். தமிழில் இதற்குக் கானமயில் என்று பெயர். ஒரு மீட்டர் உயரம், ஆணுக்கு 15 கிலோ வரை எடை. ஒரு காலத்தில் தமிழகம் உட்பட நாட்டின் புல்வெளிகளில் பரவலாக இருந்தது. சலீம் அலி இதைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று வாதாடினார். 1963-ல் அந்தப் பெருமை மயிலுக்குப் போனது. காட்டில் எஞ்சியிருக்கும் கானமயில்கள் 150-க்கும் குறைவு என்பதே பரவலான மதிப்பீடு.

பறவையின் பிரச்சினை எளிமையானது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. உடல் கனம், பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. எதிரில் உயர் அழுத்த மின்கம்பி வந்தால் மோதல்தான். பெண் பறவை வழக்கமாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுவதால் போன உயிரை ஈடுகட்ட முடிவதில்லை. தார் பகுதியில் ஆண்டுக்கு 18 கானமயில்கள் வரை கம்பியில் மோதிச் சாகக்கூடும் என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் கணக்கிட்டது. சூரியசக்தியும் காற்றாலையும் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில் கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகவும் பறவைகளை எச்சரிக்கும் கருவிகளை மாட்டவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 99,000 சதுர கி.மீ. பரப்பை அது பாதித்தது. இது நடைமுறைக்கு ஒவ்வாது, நாட்டின் மாசற்ற மின்சார இலக்குகளே தடைபடும் என்றது மத்திய அரசு. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். மனிதனைக் காக்கும் மின்சாரமும் பறவையைக் கொல்லும் கம்பியும் ஒரே கம்பத்தில் தொங்குகின்றன.

இதற்கிடையே சாமிலும் ராம்தேவ்ராவிலும் கானமயில்களைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் மையங்கள் இயங்குகின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரித்தது. 2025-ல் அங்குள்ள பறவைகளின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது. ஆனால் கூண்டில் வளர்ந்ததைக் கடைசியில் எங்கே விடுவது? திறந்த புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளிக்குத்தான் பதிவேட்டில் தரிசு என்று பெயர்.

தண்ணீர் வந்த கதை

ஜெய்சல்மேருக்கு வடகிழக்கே மோகன்கட். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிக்கே அணையிலிருந்து கிளம்பும் இந்திரா காந்தி கால்வாய் 600 கி.மீ.க்கும் மேல் நடந்து இந்தப் பக்கம் வந்து முடிகிறது. 1958-ல் ராஜஸ்தான் கால்வாய் என்ற பெயரில் தொடங்கிய வேலை, 1987-ல் பிரதான கால்வாயின் கடைசி முனைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தது. பழுப்பு நிலத்தின் நடுவே திடீரென்று பச்சை வயல்கள், தண்ணீரில் எருமைகள், கரையோரம் வரிசையாக மரங்கள். குடிநீருக்காகப் பெண்கள் மைல்கணக்கில் நடந்த ஊர்களுக்குக் குழாய் வந்தது இதன் புண்ணியத்தால்தான். கால்வாயின் மேற்பகுதிகளில் பல இடங்களில் நீர் தேங்கி, உப்பு மேலே வந்து, வயல்கள் வீணானதும் இதே கால்வாயால்தான்.

மண்ணுக்குக் கீழேயும் கதைகள் இருக்கின்றன. 2024 டிசம்பர் இறுதியில் மோகன்கட் அருகே ஒரு வயலில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரும் வாயுவும் பீறிட்டு, துளையிடும் இயந்திரத்தோடு லாரியையும் பூமி விழுங்கியது. சரஸ்வதி நதி வந்துவிட்டது என்று ஊரே திரண்டது. பாறை அடுக்குகளுக்கிடையே அழுத்தத்தில் அடைபட்டிருந்த பழங்கால நீர் என்றார்கள் நிலத்தடி நீர் நிபுணர்கள். சில நாட்களில் பீறிடல் அடங்கியது.

செத்த காடும் வாழும் காடும்

மறுபடி ஜெய்சல்மேர் வந்து, தெற்கே பார்மேர் சாலையில் 17 கி.மீ. போனால் ஆகல். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே காடு இருந்தது. மரங்கள் மண்ணில் புதைந்து, அணு அணுவாகக் கல்லாக மாறின. 21 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 25 அடிமரங்கள் வெளியே தெரிகின்றன. நீளமானது ஏழு மீட்டர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்த இடம் இது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இதேபோல் ஒரு கல்மரப் பூங்கா அதே துறையின் பராமரிப்பில் உண்டு. ஆகலின் மரங்கள் அவற்றைவிடப் பல கோடி ஆண்டு மூத்தவை. ஒவ்வொரு மரத்துக்கும் தகரக் கூரையும் இரும்புக் கம்பிக் கூண்டும் போட்டிருக்கிறார்கள். செத்து 18 கோடி ஆண்டான மரத்துக்கு அரசு குடை பிடித்துக் காவல் நிற்கிறது.

உயிருள்ள மரங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தச் சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் தேக்ராய் மாதாவின் ஓரண். ஓரண் என்றால் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட காடு. தமிழ்நாட்டின் கோயில்காடுகளுக்கு உறவு. எல்லையில் பால் ஊற்றி வலம் வந்து, இதற்குள் பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது, உழக் கூடாது என்று முன்னோர்கள் கட்டுப்பாடு செய்துவிட்டுப் போனார்கள். மேய்ச்சலுக்கு மட்டும் தடையில்லை. ராஜஸ்தானில் இப்படிச் சுமார் 25,000 ஓரண்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தேக்ராய் ஓரண் மக்கள் கணக்கில் சுமார் 60,000 பீகா. வருவாய்ப் பதிவேட்டில் ஓரணாக ஏறியது அதில் ஒரு பகுதிதான். மீதி, தமிழ்நாட்டு மொழியில் சொன்னால், புறம்போக்கு.

மே, ஜூன் மாதங்களில் இந்தப் புறம்போக்கில் நுழைகிறவர்கள் காண்பது அறுவடை. 'ஜால்' மரங்களில் மிளகளவுப் பழங்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கின்றன. சங்க இலக்கியத்தின் பாலைப் பாட்டுகளில் வரும் உகாய் இதன் இனம்தான். பெண்களும் குழந்தைகளும் கழுத்தில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிறார்கள். முள்ளுக்கு நடுவே கேர் காய்கள், பக்கத்தில் கேஜ்ரியின் சாங்ரி. மூன்றும் பயிரில்லாத காலத்தில், யாரும் தண்ணீர் விடாமல் கிடைப்பவை. நகரத்து விடுதிகளில் ராஜஸ்தானி விருந்தின் மகுடமாகப் பரிமாறப்படும் கேர்-சாங்ரி, பஞ்ச காலத்தில் இந்த மக்களைக் காப்பாற்றிய உணவு. நிழலில் ஒட்டகங்கள் நிற்கின்றன. தொலைவில் வானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு உயர் அழுத்தக் கம்பிகள் போகின்றன. 2020 செப்டம்பரில் இந்த ஓரண் பகுதியில்தான் ஒரு கானமயில் கம்பியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது.

ஓரண்களுக்கு ஒரு பிடிமானம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1995-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, காலப்போக்கில் நாட்டின் காடுகள் அனைத்தையும் பற்றிய வழக்காக வளர்ந்தது. அதே வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம், ராஜஸ்தான் அரசு தன் எல்லாத் தெய்வக் காடுகளையும் நிலத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து, காடு என்று பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. பரப்பின் அளவைப் பார்க்க வேண்டாம், மக்களுக்கு அதன் முக்கியத்துவத்தைப் பாருங்கள் என்பது அதன் சாரம்.

எல்லாரும் நிம்மதியாகிவிடவில்லை. காடு என்று எழுதினால் வனத்துறை வரும், வனத்துறை வந்தால் மேய்ச்சலுக்குத் தடை வருமோ என்று ஆடு வளர்ப்பவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஓரணைக் காப்பாற்றியது வேலி அல்ல, அதைப் பயன்படுத்தியவர்களின் கட்டுப்பாடு. சமூகக் காப்பகமாக அறிவித்து நிர்வாகத்தை ஊர்க்காரர்களிடமே விடலாம் என்ற வழியையும் நீதிமன்றம் காட்டியிருக்கிறது. அளவைக்காரர்கள் ஓரணுக்கு வரும்போது கிராமத்து முதியவர்களைக் கூடவே அழைத்துக்கொண்டு நடந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எல்லை எங்கே என்று வரைபடம் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பயணக் குறிப்பு: டெல்லியிலிருந்து ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் ரயில் உண்டு. ஜோத்பூர்-ஜெய்சல்மேர் நேர்வழி சுமார் 280 கி.மீ. இங்கே சொன்ன சுற்றுவழிகளுக்கு ஐந்து நாட்கள் தேவை. கோடையில் காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டும் வண்டி ஓட்டுவது நல்லது. தண்ணீரும் உப்பு போட்ட மோரும் கைவசம் இருக்கட்டும். எல்லையோரப் பகுதிகளுக்கு அனுமதி தேவைப்படலாம் என்பதால் ஜெய்சல்மேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஓரண்களில் கிளை ஒடிப்பதும் விறகு எடுப்பதும் கூடாது. பழம் பறித்துத் தின்னத் தடையில்லை.